மெஷினை நிறுத்திய பிறகு

“மாத்திரையெல்லாம் ஒழுங்காத்தானுங்க சாப்பிடறீங்க?” என்று கேட்பார் தனபால். எதிரில் இருப்பவர் வாயைத் திறப்பதற்குள், “சாப்பிடாம என்னங்க, நம்ம ஒடம்ப நாமதானுங்க பாக்கோணும்” என்று பதிலையும் அவரே சொல்லிவிடுவார். எதிராளியும் “ஆமாங்க” என்று தலையாட்டிவிடுவார். ஒரு மனிதரை அவர் வீட்டிலேயே உட்கார வைத்துப் பதிலுக்குத் தவிக்கவிடுவது மரியாதையா என்ன?

வயது ஐம்பத்து நான்கு. சிங்காநல்லூரில் வீடு. இருபத்திரண்டு வருடமாகச் சர்வே எடுத்தே பிழைத்தவர். சோப்பு, குக்கர், கறவை மாடு, கழிப்பறை, எதைப் பற்றிக் கேட்கச் சொன்னாலும் கேட்டார். ஆம், இல்லை, தெரியாது என்று மூன்று கட்டம், ஒரு டிக். ஒரு நாளைக்கு நாற்பது வீடு முடிப்பார். சிமென்ட் வாசலில்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நிற்பார். கொடுக்கிற காப்பியை வேண்டாம் என்று சொல்ல வராது. மத்தியானத்துக்குள் ஆறேழு டம்ளர் உள்ளே போய்விடும்.

இப்போது சரவணம்பட்டியில் ஒரு பொது சுகாதார ஆய்வு அலுவலகத்தில் ஒப்பந்த வேலை. சர்க்கரை நோயாளிகள் மாத்திரையை ஏன் பாதியில் விடுகிறார்கள் என்று அவர்கள் வாயாலேயே கேட்டு வர வேண்டும். கட்டம் கிடையாது, டிக் கிடையாது. ஆய்வை நடத்துகிற நந்திதாவுக்கு இருபத்தொன்பது வயது. “கேள்வியக் கேட்டுட்டு நீங்க சும்மா இருக்கணும்ணா. அவங்களாப் பேசட்டும்” என்றாள். எத்தனை பேரைக் கேட்க வேண்டும் என்று தனபால் விசாரித்தார். புதிதாக ஏதாவது வந்துகொண்டிருக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று பதில் வந்தது.

“இனிமே புதுசா வராதுன்னு நமக்கு எப்படிங்க மேடம் தெரியும்?”

“அது போகப் போகத் தெரிஞ்சுரும்ணா.”

தனபாலுக்கு இன்றுவரை தெரியவில்லை. பேசியதை அப்படியே தட்டச்சு செய்ய வேண்டும் என்பது அதைவிட வேடிக்கையாக இருந்தது. இருமினால் ‘இருமல்’ என்றும் சிரித்தால் ‘சிரிப்பு’ என்றும் போட வேண்டுமாம். அவர் முதலில் கொடுத்த பதினான்கு பக்கம், அவருடைய பேச்சுக்கெல்லாம் மஞ்சள் பூசித் திரும்பி வந்தது. பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள்தான். நோயாளி பேசிய இடம் அங்கங்கே திட்டுத் திட்டாக வெள்ளையாகத் தெரிந்தது.

வாயைக் கட்ட அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். கேள்வி கேட்டதும் ஒரு கமர்கட்டை எடுத்து வாயில் அடக்கிக்கொள்வது. சர்க்கரை நோயாளி முன்னால் உட்கார்ந்து கமர்கட்டு சப்புகிற ஆளை உலகத்தில் பார்த்ததுண்டா என்று மனைவி வள்ளியாத்தாள் கேட்ட பிறகு கிராம்புக்கு மாறினார். மனிதர் உண்மையிலேயே பாடுபட்டார். மூன்றாம் மாதம் மஞ்சள் குறைந்தது. நந்திதா “சூப்பர்ணா” என்று சொன்ன அன்று பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டார்.

போன மாதம் உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் சென்னியம்மாளைப் பார்க்கப் போனார். அந்த அம்மாவுக்குப் பத்து வருடச் சர்க்கரை. இடது கால் பெருவிரலில் ஆறாத புண், துணி சுற்றியிருந்தது. வழக்கப்படி ஒப்புதல் படிவத்தைப் படித்தார்: நீங்கள் சொல்வது உங்கள் பெயரோடு வெளியே போகாது. பிறகு ரெக்கார்டரைப் போட்டார். நாற்பது நிமிடம். ஆஸ்பத்திரியில் கொடுக்கிற மாத்திரையை ஒருவேளைகூட விட்டதில்லை என்று சென்னியம்மாள் சொன்னார். நன்றி சொல்லி மெஷினை நிறுத்தினார் தனபால்.

அந்தப் பக்கத்தில் விருந்தாளியை உட்கார்ந்த இடத்திலிருந்தே அனுப்பும் வழக்கம் இல்லை. கேட் வரைக்கும் கூட வருவார்கள். உள்ளே பேசியதெல்லாம் ஊர்ப் பேச்சு, கேட்டைப் பிடித்துக்கொண்டு பேசுவதுதான் பேச்சு. சென்னியம்மாள் நொண்டி நொண்டி வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டார்.

“ஏனுங்க, உள்ள பொய் சொல்லிப்போட்டனுங்க.”

தனபால் நின்றார்.

“மாத்திரய ரெண்டாப் புட்டுத்தானுங்க திங்கறேன். பாதி எனக்கு, பாதி எங்கூட்டுக்காரருக்கு. அவரு ராத்திரி நாலு தடவ எந்திரிச்சுப் போறாருங்க. போன எடத்துல எறும்பு மொய்க்குது. ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னா வர மாட்டீங்கறாரு.”

“எதுக்குங்க?”

“மரமேறித் தேங்கா போடறவருங்க. சர்க்கரைன்னு தெரிஞ்சா, மயக்கம் வந்து உழுந்துபோடுவான்னு ஒரு தோட்டத்துக்காரரும் கூப்பிட மாட்டாங்க. யார்கிட்டயும் சொல்லிப்போடாதீங்க சாமி.”

“சொல்ல மாட்டனுங்க” என்றார் தனபால். பஸ் ஏறிய பிறகுதான் என்ன வாக்குக் கொடுத்தோம் என்பது உறைத்தது. கணவர் தம்பிதுரைக்குச் சர்க்கரை இருக்கிறதா என்பதே யாருக்கும் தெரியாது. இருக்கிற ஒரு மாத்திரையைப் பங்கு போட்டதில் அந்த அம்மாவின் விரல் அழுகிக்கொண்டிருக்கிறது.

அலுவலகத்தில் பெயரையும் ஊரையும் சொல்லாமல் நந்திதாவிடம் கேட்டார். அவள் பேனாவை மூடினாள், திறந்தாள். “மெஷின நிறுத்துனதுக்கு அப்புறம் சொன்னத எடுத்துக்கலாமான்னு அவங்ககிட்டயே கேக்கணும்ணா.”

“அதில்லீங்க மேடம். பேச்சு கெடக்கட்டுங்க. காலுக்கு யாருங்க பொறுப்பு?”

“நாம கேக்கத்தான் போறோம், மாத்தறதுக்கு இல்லைன்னுதான் படிச்சேன். நம்ம எதிக்ஸ் கமிட்டிக்கு எழுதறேன். ரெண்டு வாரமாச்சும் ஆகும்” என்றாள். நல்ல பெண்தான். ஆனால் புண்ணுக்கு ரெண்டு வாரம் பொறுக்கத் தெரியுமா?

அந்த வாரம் முழுக்க தனபால் மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் திரிந்தார். குறிப்பேட்டில் ஐந்து முறை எழுதி ஐந்து முறையும் அடித்தார். சொன்னால் வாக்கு போகிறது, சொல்லாவிட்டால் கால் போகிறது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் பார்த்த எந்தப் படிவத்திலும் இதற்கு ஒரு கட்டம் இருந்ததில்லை. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா என்று வள்ளியாத்தாள் கேட்டதற்கு “தெரியாது” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடையில் சர்க்கரை பார்க்கிற சின்ன மெஷின் ஒன்றை வாங்கிக்கொண்டு உடுமலை பஸ் ஏறினார். அலுவலகத்தில் சொல்லவில்லை. கேட்டைத் திறந்தவரைப் பார்த்ததும் சென்னியம்மாளின் முகம் செத்துப்போனது. தம்பிதுரை தோப்பிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். அறுபது வயதுக்கு இறுகிய உடம்பு.

“இந்தப் பக்கம் ஒரு சோலி இருந்துச்சுங்க” என்றார் தனபால். முதல் பொய். காப்பி வந்தது, குடித்தார். பிறகு டப்பாவைத் திறந்தார். “டாக்டர் எனக்குச் சர்க்கரை பாக்கச் சொன்னாருங்க. எனக்கு ஊசின்னாவே கை நடுங்குது. நீங்க கொஞ்சம் குத்தி உடறீங்களா?” அது இரண்டாவது.

செய்வது உதவியா, ஏமாற்றா என்று அவருக்கே தெளிவில்லை. ஆய்வு விதியில் எதை மீறுகிறோம் என்பதும் தெரியவில்லை. சென்னியம்மாளின் பெயரை இழுக்காமல் அந்த மனிதரின் விரலை எட்ட வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான்.

தம்பிதுரை அட்டையில் இருந்த படத்தைப் பார்த்துப் பார்த்து தனபாலின் விரலில் குத்தினார். சொட்டு ரத்தம். மெஷின் நூற்று நாற்பத்தொன்று காட்டியது.

“இது சர்க்கரை இருக்குதுன்னுங்களா, இல்லைன்னுங்களா?” என்றார் தம்பிதுரை.

“தெரியலீங்க. டாக்டரத்தான் கேக்கோணும். எத்தனை இருந்தாலும் நாளைக்கு நான் வேலைக்குத்தானுங்க போவேன்.”

தம்பிதுரை மெஷினில் தெரிந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். சென்னியம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தனபால் பழைய ஊசியைக் கழற்றிக் காகிதத்தில் மடித்தார், டப்பாவிலிருந்து புது ஊசியை எடுத்து மாட்டினார். பிறகு தன் இடது உள்ளங்கையை மேல்நோக்கி விரித்து, தம்பிதுரையின் கைக்காக நீட்டினார்.