கலப்பை போல் வளைந்த கிழங்கு

வாந்தி எனக்குத்தான் முதலில் வந்தது. என் வீட்டுக்காரர் என் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பொழுது சாய்வதற்குள் அவரைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது.

மாதவிலக்கு நிற்கும் வயது எனக்கு. உடம்பெல்லாம் அனல். தண்ணீர்விட்டான் கிழங்கு சூட்டைத் தணிக்கும் என்று எங்கோ கேட்டு வந்தார். மழைக்காலத்தில் அயனம்பாக்கம் ஏரிக்கரை வேலியில் அந்தக் கொடியைப் பார்த்து, வேலிக்கல்லில் துணி கட்டி வைத்தார். எங்கள் பக்கம் அப்படித்தான். இலை இருக்கும்போது இடத்தைக் குறித்துக்கொள்வார்கள், காய்ந்தபின் தோண்டுவார்கள். கிழங்கை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை, இடமே சாட்சி. கொடி காய்ந்தபின் அவர் தோண்டப் போனபோது பொக்லைன் புதரை வழித்துப் போட்டிருந்தது. கல் இருந்தது, துணியும் இருந்தது. அதே வேலியில் செங்காந்தள் என்கிற கண்வலிக் கொடியும் படர்ந்திருந்ததை யார் கண்டது? அவர் ஆவடியில் கடைசல் வேலை பார்த்தவர், இரும்பில் நூலளவு பிசகைக் கையால் தடவிச் சொல்வார்.

அரைத்துப் பாலில் கலந்து, தனக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக்கொண்டார். கசப்பு. இரண்டு மிடறுக்கு மேல் எனக்கு இறங்கவில்லை.

“மருந்துன்னா பாயசமாட்டம் இருக்குமா? குடு இப்டி. ஊட்ல எதுவும் வீணாவக் கூடாது.”

தன் டம்ளரை முடித்திருந்தவர் என்னுடையதையும் குடித்தார்.

மருத்துவமனையில் மீதிக் கிழங்கைக் கேட்டார்கள். என் தங்கை எடுத்து வந்தாள். மருத்துவர் அம்மா அதைக் காகிதத்தில் வைத்து எனக்குக் காட்டினார்.

“தண்ணீர்விட்டான் கொத்தா, விரல் விரலா இருக்கும்மா. ஒடிச்சா நடுவுல நார் உருவி வரும். இது கலப்பை மாதிரி வளைஞ்சிருக்கு பாருங்க. நாரே இல்ல.”

கண்வலிக் கிழங்கு. அதில் கோல்ச்சிசின் (உடம்பில் புதுச் செல்கள் உண்டாவதைத் தடுக்கும் நஞ்சு) இருக்கிறது என்றார். முறிவு மருந்து உண்டா என்று கேட்டேன். இல்லை, தாங்கிப் பிடிக்கத்தான் முடியும் என்றார்.

உங்கள் வீட்டில் இப்படி நேர்ந்தால் மிச்சக் கிழங்கை எறிந்துவிடாதீர்கள். வாந்தி நின்றதும் பிழைத்தோம் என்று கிளம்பிவிடாதீர்கள். அவருக்கும் நின்றது. தெளிந்து, சாய்ந்து உட்கார்ந்தார். கட்டிலருகே போன என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“இன்னாமே, சூடு தணிஞ்சுதா?”

“தணிஞ்சிடுச்சு” என்றேன். பொய். உள்ளங்காலிலிருந்து எரிந்துகொண்டிருந்தது.

பிறகு சிறுநீர் நின்றது. ரத்த அணுக்கள் சரிந்தன. மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். பேச்சு அதோடு போயிற்று. அவர் அந்தக் குழாயிலிருந்து மீளவில்லை.

காரியம் முடிந்த வாரம் என் தலைமுடி சீப்போடு வந்தது; பிறகு கையோடு. அதே நஞ்சு, என் பங்குக்கு இரண்டு மிடறு. துக்கம் கேட்க வந்தவர்கள் நானே மழித்துக்கொண்டதாக நினைத்தார்கள். நான் திருத்தவில்லை.

திரும்ப முளைக்கும், பயப்படாதீர்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எனக்கு வேறு பயம். காலண்டர் பக்கம் நான் போவதில்லை. அவர் போய் எவ்வளவு காலம் என்பது தலையைத் தடவினால் தெரிந்துவிடுகிறது. முதலில் உள்ளங்கையில் குத்தியது. அப்புறம் விரலுக்குள் படிந்தது. இப்போது காதைத் தொடுகிறது.

நேற்று தங்கை எண்ணெய் வைத்து வாரிவிட்டு, இன்னும் கொஞ்சம் வளர்ந்தால் பின்னலாம் என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வெட்டிவிடு என்றேன்.