ஒடெசாவின் வீடு இருந்த இடத்தில் வானம்

கட்டடக் கலைஞர்கள் என்றாலே ஒடெசா கிலியத்துக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்கள் கட்டியதையெல்லாம் வருடக்கணக்காகத் துடைத்தவள் அவள். ஹூஸ்டன் நகரத்தின் புதுக் கட்டடங்களைப் பார்த்து யாராவது வாயைப் பிளந்தால், "ஒரு வாரம் கூட்டிப் பெருக்கிப் பாரு, அப்புறம் வந்து அழகைப் பத்திப் பேசு" என்பாள்.

முதலில் அவள் வேலைக்குப் போனது பூச்சே இல்லாத ஒரு கான்கிரீட் அலுவலகத்துக்கு. பலகை அடித்துக் கான்கிரீட் ஊற்றிய தடம்கூடச் சுவரில் அப்படியே தெரிய வேண்டுமாம். உள்ளது உள்ளபடி நிற்பதுதான் உண்மை, பூச்சு என்பது பொய் என்று அதைக் கட்டிய கூட்டத்துக்கு ஒரு கொள்கை. அந்த உண்மை தினமும் ஒடெசாவின் முழங்கையைச் சிராய்த்தது. மழை பெய்தால் சுவரெல்லாம் கறுப்பாக வழியும். தேய்த்தால் துணி கிழியுமே தவிரக் கறை போகாது. தட்டையான கூரை வேறு சளைக்காமல் ஒழுகியது. அதைச் சரிசெய்ய வந்த கூரை வேலைக்காரன்தான் ஹோரேஸ். அவனைக் கட்டிக்கொண்டாள். அந்தக் கட்டடத்தால் விளைந்த ஒரே நன்மை அவன்தான் என்று தேவாலயத்தில்கூடச் சொல்லியிருக்கிறாள்.

அடுத்து வந்தது குழாய்க் கூட்டம். ஹோரேஸின் தங்கை ஜூவல் டிக்கெட் கிழித்துக் கொடுக்கும் கலைக்கூடம் அந்த வகை. உத்தரம், குழாய், மாடிப்படி எல்லாம் வெளியே, சிவப்பும் நீலமுமாக. "குடலை உருவி வெளிய மாட்டியிருக்கானுங்க அண்ணி. உள்ள பாத்தா வெறும் வயிறு" என்பாள் ஜூவல். அதிலும் கூட்டிப் பெருக்கினாள் ஒடெசா. குழாய் மேல் புறாக்கள் குடும்பம் நடத்தின. யார் ஏறித் துடைப்பது என்று கட்டியவன் யோசிக்கவே இல்லை.

மூன்றாவது, கண்ணாடிக் கூட்டம். அதைத் தேடி அவள் போகவில்லை. அது அவள் வீட்டைத் தேடி வந்தது.

ஏழைகள் வாழும் நாலாம் வார்டில் அவர்களுடையது சின்ன மரவீடு. ஹோரேஸுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த பிறகு, கிழக்குப் பார்த்த அறையில் கட்டிலைப் போட்டாள். டெக்சஸ் வெயிலில் மத்தியானத்துக்கு மேல் அந்த வீட்டில் மனுஷன் மூச்சுவிடக்கூடிய ஒரே அறை அது. ஜன்னலைத் திறந்துவிட்டால் காற்று வரும். அவனும் வாய் கோணியபடியே சிரித்துப் பேசிக்கொண்டிருப்பான்.

கிழக்கே எண்ணெய்க் கம்பெனிக்கு ஒரு கோபுரம் எழுந்தது. தூண் தெரியாது, மாடி தெரியாது, வாசல்கூடத் தெரியாது. அடி முதல் நுனி வரை ஒரே கண்ணாடித் தோல். மேற்கே சாய்கிற வெயிலை வாங்கி, அப்படியே திருப்பி நாலாம் வார்டின் மேல் கொட்டியது. உள்ளே கம்பெனிக்காரர்கள் குளுகுளுவென்று கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளியே ஒடெசாவின் தெருவுக்கு மட்டும் இரண்டு சூரியன். திரை போட்டால் காற்று நின்றது, எடுத்தால் கட்டிலே காய்ந்தது. கோடை தொடங்கியதும் ஹோரேஸ் இரண்டு முறை மயங்கினான்.

"இந்தச் சூட்டுல வெச்சிருந்தா இதயம் தாங்காதும்மா. முதியோர் இல்லத்துல சேர்த்துடுங்க" என்றார் டாக்டர்.

"அங்க போயி உயிரோட திரும்புனவங்க யாரு? பேரு சொல்லுங்க" என்றாள் ஒடெசா. டாக்டர் பெட்டியை மூடினார்.

அந்தக் கோபத்தோடே கோபுரத்தை வரைந்த வின்ஃபீல்ட் ஹால்டேனின் அலுவலகத்துக்குப் போனாள். ஜூவலும் கூடப் போனாள். நல்ல மனுஷன் மாதிரிதான் எழுந்து நின்று வரவேற்றார்.

"மிஸஸ் கிலியம், அந்தக் கட்டடம் கண்ணுக்கே தெரியக் கூடாதுங்கறதுதான் என் எண்ணம். அது வானத்தை மட்டும்தான் காட்டும். பாரமே இல்லாம நிக்கும்."

"பாரம் எல்லாத்தையும் என் புருஷன் தலையில இறக்கிட்டீங்களே, அப்புறம் எப்படி இருக்கும்?"

வெயில் எங்கே விழும் என்று முன்கூட்டியே சோதித்ததாகச் சொல்லி, மேசை மேலிருந்த அட்டை மாதிரியைக் காட்டினார். கோபுரத்துக்கு எதிரே விளக்கைப் பிடித்துப் பார்ப்பார்களாம். ஒடெசா குனிந்து பார்த்தாள். கோபுரம் இருந்தது. நடைபாதை மரம்கூடப் பஞ்சில் செய்து நட்டிருந்தது. நாலாம் வார்டு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பச்சை அட்டை.

"எங்க வீடெல்லாம் எங்க?"

"மாதிரியில சுத்துவட்டாரத்தை எளிமையாக்கறது வழக்கம்தான். அதுவும் அந்தப் பகுதி எப்படியும் சீக்கிரம்…" என்று இழுத்தார்.

"சீக்கிரம் என்ன, இடிச்சுடுவாங்களா?" என்றாள் ஜூவல். அவர் பஞ்சு மரம் ஒன்றை நிமிர்த்தி வைத்தார்.

புல்லின் மேல் வெளிச்சம் விழுந்தால் யாருக்கு என்ன? அதனால்தான் சோதனையில் ஒரு குறையும் தெரியவில்லை. படித்த மேதைகள் கூடி நின்று விளக்குப் பிடித்திருக்கிறார்கள், ஒரு தெருவையே விட்டுவிட்டு. ஒடெசா ஒன்றுதான் கேட்டாள். தன் தெருவைப் பார்க்கும் பகுதியில் மட்டும் பளபளப்பை மங்கவைக்கும் தாளை ஒட்டச் சொன்னாள். ஹால்டேன் முகம் சுளித்தார். அந்தத் தோலில் ஓர் ஒட்டுப் போட்டால்கூடக் கட்டடமே செத்துவிடுமாம். ஒடெசா நகரசபையில் மனுக் கொடுத்தாள்.

மனு அங்கே தூங்கிக்கொண்டிருந்தபோது, கட்டடக்கலைப் பத்திரிகைக்குப் படம் எடுக்க ஆட்கள் வந்தார்கள். அவர்கள் படத்தில் மனிதர் இருக்கக் கூடாது, குப்பைத் தொட்டி கூடாது, பெயர்ப் பலகைகூடக் கூடாது. எல்லாவற்றையும் அகற்றியும் ஒரு தொல்லை மிச்சமிருந்தது. கோபுரக் கண்ணாடியின் கீழ்ப்பகுதி முழுக்க ஒடெசாவின் தகரக் கூரையும், கொடியில் ஹோரேஸின் உள்ளாடைகளும் பளிச்சென்று தெரிந்தன. ஹால்டேனின் உதவியாளன் ஓடிவந்தான்.

"அம்மா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் துணியை எடுத்துடுங்களேன்."

"தாளை ஒட்டுங்க, எடுக்கறேன்."

"அது என் கையில இல்லைம்மா."

"இது என் கையிலதான் இருக்கு" என்றவள், ஜூவலைத் தெருவெல்லாம் அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு வீட்டுக் கொடியிலும் போர்வை, பாவாடை, குழந்தைத் துணி. எண்ணெய்க் கம்பெனியின் கோபுரம் அன்று நாலாம் வார்டின் பழந்துணியை உடுத்திக்கொண்டு நின்றது. தெருவே சிரித்தது. கட்டிலில் கிடந்த ஹோரேஸும் சிரித்தான்.

சிரிப்பு நகரசபை விசாரணை வரைக்கும்தான். ஹால்டேன் அந்தப் பத்திரிகைப் படத்தைப் பெரிதாக்கி, பலகையில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தார். கோபுரம் மின்னியது. கீழ்ப்பகுதி முழுக்க மேகம், நீலம். வீடு இல்லை, கூரை இல்லை, துணி இல்லை.

"நீங்களே பாருங்க. கண்ணாடி பாக்கறது வானத்தை மட்டும்தான்" என்றார் விசாரணைக் குழுவிடம்.

பேச எழுதி வைத்திருந்ததெல்லாம் ஒடெசாவுக்கு மறந்தது. அவள் எழுந்து போய்ப் பலகையின் கீழ்ப்பகுதியில் விரலை ஊன்றினாள்.

"இங்கதான் என் வீடு தெரிஞ்சுது. துணியை எடுக்கச் சொல்லி இவரு ஆள் வந்து கெஞ்சினான். நான் எடுக்கல. தெருவே பாத்துச்சு. அப்ப இந்த மேகத்தை எங்கேருந்து கொண்டுவந்து ஒட்டினீங்க மிஸ்டர் ஹால்டேன்?"

குழுத் தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தாள். "படத்தைத் திருத்தினீங்களா?"

"பத்திரிகைக்குன்னா கொஞ்சம் மெருகேத்தறது…"

"வீடு தெரிஞ்சுதா, இல்லையா?"

"தெரிஞ்சுது."

"கண்ணாடியில என் வீடு தெரியுதுன்னா, அந்தக் கண்ணாடிக்கும் என் வீடு தெரியும்தானே! அதுல படற வெயில் என் வீட்டு மேலதானே விழும்! மொதல்ல அட்டையில எங்களை அழிச்சீங்க, அப்புறம் படத்துல அழிச்சீங்க. இப்ப என் புருஷனை நிஜத்துலயே அழிக்கப் பாக்கறீங்க!" ஒடெசாவின் குரல் உடைந்தது. அழுகை இல்லை அது, ஆத்திரம். பின்வரிசையில் ஜூவல் "அப்படிச் சொல்லுங்க அண்ணி!" என்று கத்தியதற்கு அவளை வெளியே அனுப்பினார்கள்.

தாள் ஒட்டும்படி உத்தரவானது. கயிற்றில் தொங்கி ஆட்கள் ஒட்டினார்கள். பளபளக்கும் கோபுரத்தின் வயிற்றில் சாம்பல் நிறத்தில் பெரிய ஒட்டு விழுந்தது. கடைசி நாள் ஹால்டேன் தெருவுக்கே வந்து, அண்ணாந்து பார்த்தபடி நின்றார். வாளியோடு வெளியே வந்த ஒடெசாவைக் கண்டதும் அவருக்குத் தாங்கவில்லை.

"என் கட்டடத்தையே அழிச்சிட்டீங்க, மிஸஸ் கிலியம்."

"இல்ல மிஸ்டர். உங்க மாதிரி அழிக்க எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அந்த இடத்துல இப்ப வெறும் வானம்தான் இருந்திருக்கும்."

சொல்லிவிட்டு வாளித் தண்ணீரை வாசலில் வீசிக் கொட்டினாள். அவர் காலை நகர்த்திக்கொண்டார். உள்ளே கிழக்கு அறை ஜன்னலைத் திறந்தாள். காற்று வந்தது. ஹோரேஸ் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான்.