சைபர் இல்லாத கட்டடம்

அண்ணனும் தங்கையும் லிஃப்ட் மெக்கானிக்குகள். தங்கை பத்தாவது வரை படித்தவள், அண்ணன் ஐந்தோடு நிறுத்தியவர். “கணக்குல என் தங்கச்சிய மிஞ்ச ஆளில்ல” என்று கேட்காதவர்களிடமும் சொல்வார். அவளுக்கும் அதில் கொஞ்சம் கர்வம்தான். லிஃப்டில் ஏறினால் தலைக்கு மேல் ஒவ்வொரு மாடிக்கும் ஒரு ‘டக்’ விழும், அதை எண்ணாமல் அவளால் இருக்க முடியாது.

இந்தக் கட்டடம் போன வாரம்தான் அவர்கள் கைக்கு வந்தது. தரைக்குக் கீழே மூன்று தளம், மேலே ஒன்பது. தங்கை மைனஸ் மூன்றில் ஏறி மேலே போகும்போது கரண்டு போனது. லிஃப்ட் நின்றது, விளக்கும் அணைந்தது. கூடவே இருந்த துப்புரவு அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“ஏம்மா, மெக்கானிக்கே மாட்டிக்கிட்டா நாங்க யாரைக் கூப்பிடுறது?”

“எங்கண்ணன் வெளியதான் இருக்கார். மூச்சை மெதுவா விடுங்கக்கா.”

மூச்சு அந்த அம்மாவுக்கு வரவில்லை. பெட்டிக்குள் காற்று வெந்நீர் ஆவிபோல் கனத்தது.

போனில் அண்ணனிடம் சொன்னாள்: “அஞ்சு டக் கேட்டுச்சு. மைனஸ் மூணுல இருந்து அஞ்சு மேல. ரெண்டு. ரெண்டாவது மாடியத் தாண்டி நிக்கிறோம்.”

“நான் ரெண்டுலதான் நிக்கிறேன். ஒரே இருட்டு. இதோ திறக்குறேன்.”

அண்ணனுக்கு ஒரு கெட்ட பழக்கம். கதவு திறந்ததும் டார்ச்சுக்கு முன்னால் கால் போகும்.

“நாம எங்கதான்மா இருக்கோம்?” என்றார் துப்புரவு அம்மா.

காட்டினால் தைரியம் வரும் என்று போன் வெளிச்சத்தில் பொத்தான்களைத் தொட்டு எண்ணினாள். மைனஸ் மூணு, மைனஸ் ரெண்டு, மைனஸ் ஒண்ணு, அடுத்து ஒண்ணு. விரல் அங்கேயே நின்றது.

“சைபர் எங்க?”

“முதலாளி எடுத்துட்டாரும்மா. சைபர்ல எவன் கடை எடுப்பான்னு தரைத்தளத்துக்கே ஒண்ணுன்னு போட்டுட்டார்.”

மைனஸ் ஒன்றோடு ஒன்றைக் கூட்டினால் சைபர். அந்தச் சைபருக்கும் ஒரு டக் வைத்தல்லவா கணக்குப் போட்டாள்! இல்லாத மாடிக்கு ஏது டக்? ஐந்தாவது டக் மூன்றாவது மாடி. அண்ணன் திறக்கும் கதவுக்குப் பின்னால் வெறும் பள்ளம்.

“அண்ணா, காலை வைக்காத! நான் தப்பாச் சொல்லிட்டேன்!”

போனில் கதவு கிறீச்சிடும் சத்தம். பிறகு எங்கோ வெகு ஆழத்தில், அவர்கள் காலுக்குக் கீழே, ‘ணங்’ என்று எதுவோ விழுந்தது. துப்புரவு அம்மா அவள் கையை இறுக்கிப் பிடித்தார்.

“ஸ்பேனர்தான் விழுந்துச்சு” என்றார் அண்ணன். குரல் தேய்ந்திருந்தது. “சொல்லு. எத்தனை?”

“மூணுக்கு மேல, நாலுக்குக் கீழ.”

“அதுக்கு என்ன நம்பர்?”

“அதுக்கு நம்பரே கிடையாதுண்ணா. மூணுக்கு அடுத்தது நாலுதான்.”

“சரி, மூணுக்கு வரேன். மறுபடி ஒருதடவை எண்ணிச் சொல்லு.”

இந்த முறை விரல் வைத்து, பொத்தான் பொத்தானாக எண்ணிச் சொன்னாள். படியில் அவர் காலடி கேட்டது. சற்று நேரத்தில் அவள் பாதத்தருகே ஒரு கோடு வெளிச்சம் விழுந்தது. இந்த முறை முதலில் டார்ச் வந்திருந்தது.