முறிந்த சாவி யாருடையது?

மகள் என் பிறந்தநாளுக்கு ஒரு குட்டி கிரைண்டர் வாங்கித் தந்திருக்கிறாள். பேனா மாதிரி பிடித்து ஜன்னல் கொக்கியைக்கூடத் தேய்க்கலாம். நேற்று ஓட்டிப் பார்த்தேன். சூடேறிய இரும்பின் வாடை மூக்கில் ஏறியதும் கை தானாகவே சுவிட்சை அணைத்துவிட்டது. "என்னாச்சுப்பா?" என்றாள்.

துறைமுகச் சாலைப் பக்கம் ஒரு பட்டறையில் அந்தோணியும் நானும் ஃபிட்டர்களாக இருந்தோம். விசைப்படகுகளுக்கு உதிரி பாகம் செய்யும் பட்டறை. நான் அரம் கட்சி, அவன் கிரைண்டர் கட்சி. மயிரிழை மயிரிழையாக அராவி இறக்குவதில்தான் தொழில் இருக்கிறது என்று பெரிய பண்டிதன் மாதிரி பேசுவேன். "மெஷினுக்குக் கை வலிக்காதுல்லா" என்பான் அவன். டீ வந்தால் சண்டை நின்றுவிடும்.

ஒருநாள் ஒரு படகுக்குச் சாவி கேட்டார்கள். பூட்டுச் சாவி இல்லை. சுழலும் தண்டோடு சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும் விரல் நீள இரும்புக் கட்டை. கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் ஆடி ஆடி முறிந்துவிடும். மாட்ட ஒன்று, கைவசம் வைக்க ஒன்று. ஆளுக்கொன்று செய்தோம். எதில் செய்தாலும் கடைசியில் உப்புத்தாளால் தேய்த்துக் கிரீஸ் டப்பாவில் போட்டுவிடுவது எங்கள் பழக்கம். அரத்தின் கோடும் மிஞ்சாது, கிரைண்டரின் தழும்பும் மிஞ்சாது. படகு டிரைவர் டப்பாவோடு வாங்கிப் போனார். கைக்கு வந்ததை மாட்டியிருப்பார்.

மறுநாள் நடுக்கடலில் சாவி முறிந்துவிட்டது. துண்டு தண்டில் இறுகிக்கொண்டதால் கைவசம் இருந்த இன்னொன்றையும் மாட்ட முடியவில்லை. ஏழு பேரோடு அலைக்கழிந்த படகை இன்னொரு படகு கட்டி இழுத்து வந்தது. டிரைவர் முறிந்த துண்டுகளை முதலாளியின் மேசையில் விட்டெறிந்தார்.

"எவன்லே செஞ்சது இத?" என்றார் முதலாளி.

துண்டுகளைப் பார்த்தேன். என்னுடையதா? சத்தியமாகத் தெரியவில்லை. ஒரு பக்கம் கூடுதலாக அராவிவிட்டேனோ என்று ஒரு சந்தேகம். அது நிஜமா, பயத்தில் தோன்றியதா, அதுவும் தெரியவில்லை. அப்போது எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அறிவிப்பை எங்கள் மாதா கோயிலில் மூன்று ஞாயிறு வாசிப்பார்கள், ஓலை என்போம். இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவதற்குள் வேலை போனால் பெண்வீட்டார் முகத்தில் எப்படி விழிப்பது? வாயை மூடிக்கொண்டேன்.

"என்னுதுதான் அண்ணாச்சி" என்றான் அந்தோணி.

அன்றைக்கே அவன் சீட்டுக் கிழிந்தது. சட்டையை மாட்டிக்கொண்டே, "ஏலே, கல்யாணத்துக்குக் கூப்புடாம இருந்துராத" என்றான்.

எனக்குத் தெரியாதது அவனுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? தெரிந்துதான் சொன்னானா, என் ஓலைக்காகச் சொன்னானா? நீங்களே சொல்லுங்கள்.

பிறகு கப்பலுக்குப் போனான். லீவில் வரும்போதெல்லாம் வீட்டுக்கு வந்து சீலா மீன் குழம்பை ஒரு கை பார்ப்பான். இத்தனை வருஷத்தில் நான் கேட்கவே இல்லை. "உன்னுதுதாம்லே" என்று சொல்லிவிட்டால்? வெட்கமாகத்தான் இருக்கிறது.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. முதலாளி எப்போதோ போய்விட்டார். போன மாதம் அந்தோணியும் போய்ச் சேர்ந்தான். கல்லறைத் தோட்டத்தில் என் முறை வந்தபோது நன்றி சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா என்று விளங்கவில்லை. பின்னால் ஆட்கள் காத்து நின்றார்கள். ஒரு பிடி மண்ணைப் போட்டுவிட்டு நகர்ந்தேன்.