இடிந்த நகரத்தில் அத்தானின் அறுபது

எங்கள் அத்தானின் அறுபதாவது பிறந்தநாளை ரொறன்ரோவில் வைத்துக் கொண்டாட முடியாது என்று அக்கா முடிவெடுத்துவிட்டார். அத்தான் என் கணவரின் தமையன். அக்கா அவருடைய மனைவி. பக்கத்து மார்க்கம் நகரில் மண்டபம் எடுக்கலாம். ஆனால் மண்டபத்தில் எல்லாரும் செய்துவிட்டார்கள். ஸ்ரௌவ்விலில் அக்காவுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் கப்பலில் வைத்துச் செய்திருந்தது. அந்தக் கப்பல் வீடியோவை அக்கா அடிக்கடி போட்டுப் பார்ப்பார். பார்க்கும்போதெல்லாம், "என்ன இருந்தாலும் கப்பல் ஆடுந்தானே" என்பார். ஆடாத இடமாகத் தேடித்தான் கடைசியில் ரோம் வந்தது.

பொதுவாக இப்படியான கொண்டாட்டங்களுக்கு இரண்டு நாள் முந்தியே எனக்கு ஒரு காய்ச்சல் வந்துவிடும். எல்லாப் பெண்களும் ஒரே நிறத்தில் சேலை உடுத்து, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு ஒரே அணியாக வந்தவர்கள் மாதிரி வரிசையில் நிற்பது எனக்கு ஒத்துவராது. ஆனால் ரோம் என்றதும் வாயை மூடிக்கொண்டேன். நான் ஊரில் ஏ.எல். என்கிற உயர்தர வகுப்பில் கிரேக்க உரோம நாகரிகம் படித்தவள்.

இதைக் கனடாவில் யாரிடமும் சொல்லிப் பயனில்லை. "உதைப் படிச்சு என்ன வேலை எடுக்கலாம்?" என்று கேட்பார்கள். ஒரு வேலையும் எடுக்க முடியாது. நான் தினமும் பிக்கரிங்கில் ரயில் ஏறிப் போய், ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். யூலியஸ் சீசரைப் பற்றி இதுவரை ஒரு நோயாளியும் என்னிடம் விசாரித்ததில்லை. யாழ்ப்பாணத்தில் கணக்கும் ஓடாத, விஞ்ஞானமும் ஓடாத பெண்பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து ஒரு வகுப்பில் இருத்தி உரோமரைப் பற்றிப் படிப்பித்தார்கள். மேலே குண்டு போடுகிற பொம்மர் விமானம் சுற்றும், நாங்கள் கீழே பங்கர்க் குழிக்குள் இருந்து உரோமர் எப்படிக் குளித்தார்கள் என்று பாடமாக்குவோம். பாடப்புத்தகத்தில் மருந்துக்கும் ஒரு படம் கிடையாது. ஒஸ்ரியா என்ற துறைமுக நகரத்தில் அரைவட்டமாக ஓர் அரங்கு, படிப்படியாக இருக்கைகள் என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான். அந்த அரைவட்டத்தைக் கொப்பியின் பின்பக்கத்தில் எத்தனையோ விதமாகக் கீறிப் பார்த்திருக்கிறேன். ஒருதரமாவது அந்தப் படியில் போய் இருந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு அப்போதே பிடித்த விசர்.

ரோமிலிருந்து ஒஸ்ரியாவுக்கு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய், வழிகாட்டியோடு சுற்றிக் காட்டி, அன்றைக்கே திருப்பிக் கொண்டுவந்து விடுகிற ஒருநாள் பயணங்கள் இருக்கின்றன. இணையத்தில் ஒன்றைக் கண்டுபிடித்து அக்காவிடம் காட்டினேன். படத்தில் மாலை வெயிலில் இரண்டு தூண்களும் ஒரு பைன் மரமும் இருந்தன.

"உது என்ன இடம்?"

"பழைய ரோமன் நகரம் அக்கா."

"அரண்மனை மாதிரியோ?"

"நகரம் எண்டால் எல்லாம் இருக்குந்தானே."

"தூண் வடிவாயிருக்கு. அப்ப இவற்ரை பிறந்தநாள் படத்தையும் அங்கையே எடுப்பம்."

கூரையைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. படம் எடுப்பதற்காகப் பிறம்ரனிலிருந்து ஒரு படக்காரரும் எங்களோடு விமானம் ஏறினார். எங்கள் ஆட்களுக்கிடையில் அவருக்குப் பெரிய பெயர். கல்யாணப் பெண்ணைத் தை மாதப் பனியில் வெறுங்காலோடு நிற்க வைத்துச் சிரிக்கப் பண்ணியவர்.

பயணத்தன்று காலை என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஆட்களிடம் பஸ் புறப்படும் நேரத்தை உள்ளபடி சொன்னால் பஸ் போன பிறகுதான் வருவார்கள். ஆகையால் ஒரு மணித்தியாலம் முன்னதாகவே புறப்படுகிறது என்று சொல்லி வைத்தேன். இந்தத் தந்திரத்தை ரொறன்ரோவில் எல்லாரும் எல்லாருக்கும் செய்துகொண்டிருக்கிறோம் என்பதை நான் யோசிக்கவில்லை. சொன்ன நேரத்தில் ஒரு மணித்தியாலம் பொய் என்று கணக்குப் போட்டுக்கொண்டு அவர்கள் பட்டுச்சேலையை ஆறுதலாகக் கொசுவி உடுத்தினார்கள். அதோடு வழமையான பிந்தலும் சேர்ந்துகொண்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, பஸ்ஸுக்குள் ஏற்கெனவே இருந்த வெள்ளைக்காரர்கள் கண்ணாடிக்குள்ளால் எங்களைப் பார்த்த பார்வையை எழுத விரும்பவில்லை.

வழிகாட்டி ஒல்லியான ஓர் இத்தாலியப் பெண். கையில் மடக்கிய குடை. அவள் ஏதோ சொல்ல வாயைத் திறக்க, அக்கா அவளுடைய மற்றக் கையில் ஒரு பை பயற்றம் பணியாரத்தைத் திணித்தார். எங்களுக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை, தின்னக் கொடுப்போம். அவள் திறந்த வாயை மூடிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். வழியில் ஒலிவாங்கியில், நேரம் போய்விட்டபடியால் ஒஸ்ரியாவில் சுருக்கமாகத்தான் சுற்ற முடியும் என்று அறிவித்தாள். அரங்கு எந்தப் பக்கம் என்று நான் வரைபடத்தில் பார்த்து வைத்துக்கொண்டேன். அத்தான் கழுத்தில் பிறந்தநாள் மாலையோடு நித்திரையாகிவிட்டார்.

ஒஸ்ரியா வாசலுக்குள் நுழைந்து பத்து அடி வைத்ததும் அக்கா நின்றுவிட்டார். முன்னால் ஒரு நீளக் கல்தெரு. இரண்டு பக்கமும் செங்கல் சுவர்கள், இடுப்பளவில் சில, தோளளவில் சில. அறைகளுக்குள் புல்.

"இதென்ன கோதாரி, எல்லாம் இடிஞ்சு கிடக்கு?"

"ரெண்டாயிரம் வருசம் அக்கா."

"அதுக்கு? மதுரைக் கோயில் நிக்குதுதானே?"

வழிகாட்டி அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வந்து தோளில் கை வைத்தாள். முதன்முதலாகப் பார்க்கிறபோது எல்லாருக்கும் இப்படித்தான் நெஞ்சு அடைத்துவிடும் என்று ஆங்கிலத்தில் ஆறுதல் சொன்னாள். அக்கா அவளுக்குத் தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இடிஞ்ச வீடு பாக்கவோ பிளேன் ஏறி வந்தனாங்கள்? அதைப் பாத்துக்கொண்டுதானே ஊரை விட்டு ஓடி வந்தனாங்கள்?"

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை என்பதால் கோபம் இன்னும் கூடியது.

பிறகு அக்கா உத்தரவு போட்டார். அறுபதாவது பிறந்தநாள் படத்தில் இடிந்த சுவர் ஒன்றும் விழக்கூடாது. ஆயுசுக்குக் கூடாது. படக்காரர் உடனே ஒத்துக்கொண்டார். அவர் தொழிலில் இதைவிடப் பெரிய உத்தரவுகளைக் கண்டவர். அதன் பிறகு உலகத்தில் எந்தச் சுற்றுலாப் பயணியும் செய்யாத ஒரு வேலையை நாங்கள் தொடங்கினோம். இடிபாடு பார்க்க வந்த இடத்தில், இடிபாடு இல்லாத மூலை ஒன்றைத் தேடினோம். கிழக்கே திரும்பினால் சுவர். மேற்கே திரும்பினால் தலையில்லாத சிலை. அக்கா அதைக் கண்டு "சிவ சிவா" என்று கண்ணை மூடிக்கொண்டார். கடைசியில் வாசலடிக்கே திரும்பி வந்து, ஒரு புல்தரையையும் ஒரு பைன் மரத்தையும் ஒரு பச்சை வேலியையும் கண்டுபிடித்தோம். உடைந்தது ஒன்றும் இல்லை. பழையது என்று சொல்லவும் ஒன்றும் இல்லை. அந்தப் படங்கள் இப்போது அக்கா வீட்டு மாடிப்படியோரம் பெரிய சட்டம் போட்டுத் தொங்குகின்றன. வருகிறவர்கள் "இது ஸ்காபரோவிலை எந்தப் பார்க்?" என்று கேட்கிறார்கள். அங்கே எடுத்திருந்தால் கார் விடவும் இடம் கிடைத்திருக்கும்.

வழிகாட்டி சிறிது நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மற்றவர்களோடு நடக்கத் தொடங்கினாள். நானும் மெல்லப் பின்னால் நழுவினேன்.

"சித்தி! டோன்ற் கோ, டோன்ற் கோ! நெக்ஸ்ற் ஃபோட்டோவிலை யூ ஆர் தெயர்!" என்று அக்காவின் மகள் கத்தினாள். எவர் எவரோடு நிற்பது என்ற ஒழுங்கு அவளுடைய பொறுப்பு. அத்தானும் அக்காவும். அத்தானும் அவருடைய தம்பியும். தம்பி குடும்பத்தோடு அத்தான். பெண்கள் மட்டும். பெண்கள் மட்டும், சிரிக்காமல். எல்லாரும் அத்தானைப் பார்த்துச் சிரிப்பது. அத்தான் மட்டும் வானத்தைப் பார்ப்பது. பாவம் அந்த மனிதர், சொன்ன பக்கமெல்லாம் திரும்பினார். மாலையும் அவரும் வாடிக்கொண்டிருந்தார்கள். நான் இன்னொருதரம் நழுவினேன். இந்தமுறை என் கணவரே கையைப் பிடித்துவிட்டார். "கொஞ்சம் பொறுமன். அண்ணையின்ரை நாள்தானே."

பொறுத்தேன். பொறுத்துக்கொண்டு நிற்கும்போதே தெருக்கோடியில் குடை தெரிந்தது. அவர்கள் எல்லாவற்றையும் பார்த்து முடித்துத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். தொப்பி போட்ட ஒரு பெண் போகிற போக்கில், அந்த அரங்கு என்ன அழகு, நீங்கள் வந்திருக்க வேணும் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். வழிகாட்டி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, பஸ் வெளிக்கிடப் போகிறது என்றாள்.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. அவ்வளவு பேருக்கும் நடுவில் நின்று கத்தினேன்.

"நான் உந்தப் புல்லுப் பாக்கவோ இஞ்சை வந்தனான்? நான் உதைப் படிச்சனான்! ஒரு படமும் இல்லாத புத்தகத்திலை படிச்சனான்! அந்தா, கூப்பிடு தூரத்திலை இருக்கு. அதைப் பாக்காமல் நான் பஸ் ஏறோணுமோ?"

"மெல்லக் கதையுமன், சனம் பாக்குது," என்றார் என் கணவர்.

"பாக்கட்டும்!"

படக்காரர் கமெராவைக் கீழே இறக்கினார். அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். வையப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"சோதினையிலை உதுக்கு என்ன எடுத்தனி?" என்று கேட்டார்.

"நான் சோதினை எழுதேல்லை அக்கா. சோதினைக்கு முதல் எல்லாரும் வெளிக்கிட்டிட்டம்தானே."

எந்த வெளிக்கிடல் என்று அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணமே வெளியேறிய இரவில் அவரும் அதே தெருவில் அதே சனத்துக்குள் நடந்தவர். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"ஓடு," என்றார். "பஸ்ஸை நாங்கள் பாக்கிறம். எங்களை ஏத்தாமல் உந்த ட்ரைவர் எப்பிடி எடுக்கிறான் எண்டு பாப்பம்."

ஓடினேன். வண்டிச் சில்லு தேய்த்த அந்தக் கருங்கல் தெருவில் பட்டுச்சேலையோடு ஓடுவது லேசு அல்ல. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். இரண்டு பக்கமும் கூரையில்லாத அறைகள் போய்க்கொண்டிருந்தன. ஒன்றையும் நின்று பார்க்கவில்லை. வலப்பக்கமாகத் திரும்பி ஒரு வளைவுக்குள்ளால் போய் வெளியே வந்ததும், அது இருந்தது. அரைவட்டம். படிப்படியாக. ஒருவரும் இல்லை.

ஏறிப்போய் நடுப்படி ஒன்றில் இருந்தேன். கல் வெயிலில் நன்றாகச் சுட்டது. அழுதேன். சந்தோசத்தில்தான் அழுதேன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் கீறிய அரைவட்டங்கள் எல்லாமே பிழை. மேடை இவ்வளவு கிட்ட இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

இறங்கி வரும்போது ஓரத்தில் இருந்த விளக்கப் பலகை கண்ணில் பட்டது. படித்த புத்தி விடுமா, வாசித்தேன். இந்த அரங்கு பெரும்பாலும் இடிந்து கிடந்ததாகவும், போன நூற்றாண்டில்தான் திருத்தி எழுப்பப்பட்டதாகவும் எழுதியிருந்தது. நான் இருந்து அழுத படிக்கு என் தகப்பனார் வயதுதான் இருக்கும். ஒரு நிமிடம் ஏமாந்த மாதிரி இருந்தது. பிறகு சிரிப்பு வந்தது. இந்த ஊர் முழுவதிலும் அக்காவின் படத்துக்கு ஏற்ற, உடையாத இடம் இது ஒன்றுதான். அதற்குப் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு புல்லில் நின்றிருக்கிறோம்.

திரும்பி ஓடி வந்தபோது பஸ்ஸடியில் எங்கள் ஆட்கள் தங்கள் முழுத் திறமையையும் காட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா ஒரு காலைப் படியிலும் மறுகாலை நிலத்திலும் வைத்துக்கொண்டு, முழங்கால் மடியாது என்று சாரதிக்குத் தமிழில் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். அவருடைய மகள், கையில் போனை வைத்துக்கொண்டே போனைக் காணவில்லை என்று கைப்பையைக் கொட்டித் தேடினாள். படக்காரர் கமெராத் தாங்கியின் மூன்று கால்களையும் வாசலுக்குக் குறுக்கே விரித்து வைத்து ஒவ்வொன்றாகத் துடைத்தார். என் கணவர், ஆயுளில் ஒருவரையும் ஒரு நிமிடம் காக்க வைக்காத மனிதர், வழிகாட்டியிடம் பஸ்ஸின் டயர்களைப் பற்றிக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். அத்தான் கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாராம். பஸ்ஸை மறிக்கும் கலையில் எங்களை வெல்ல இந்த உலகத்தில் ஆளில்லை. இதை இவ்வளவு பெருமையோடு எழுதுவேன் என்று அன்று காலையில் யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

என் தலையைக் கண்டதும் அக்காவின் முழங்கால் மடிந்தது. பஸ்ஸில் தன் பக்கத்து இருக்கையைக் காட்டி என்னை இருத்தினார். பஸ் பிரதான வீதிக்கு வந்ததும் கேட்டார்.

"பாத்தியோ?"

"பாத்தனான் அக்கா."

"அதுவும் இடிஞ்சுதானே கிடக்கு?"

"இல்லை. அது வடிவா நிக்குது. இடிஞ்சு கிடந்ததைப் பிறகு திரும்பக் கட்டினவங்களாம்."

இதை ஏன் முதலே சொல்லவில்லை, அங்கேயே படம் எடுத்திருக்கலாமே என்று கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உவங்களுக்குத் திரும்பக் கட்டுறதுக்கு ஆக்கள் இருந்திருக்கினம்," என்றார்.