தங்கையைக் கொண்டுவந்தவள்

எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பது ஒரு கட்டத்துக்குப் பிறகு எவரும் பேசாத விஷயமாகிவிட்டது. தொடக்கத்தில் சொந்தக்காரர் கேட்டார்கள், கோயிலில் தெரிந்தவர்கள் கேட்டார்கள். பிறகு நான் போய் உட்கார்ந்ததும் தங்கள் பிள்ளைகளைப் பற்றிய பேச்சை நிறுத்தத் தொடங்கினார்கள். கேள்விகளைக்கூடத் தாங்கியிருந்தேன், அந்த நிறுத்தம்தான் சுட்டது. வயிற்றில் உண்டான கரு சில முறை தங்காமலே போயிற்று. கடைசித் தடவைக்குப் பிறகு வைத்தியசாலைக் கார்ப்பார்க்கில் காரை எடுக்காமல் உட்கார்ந்திருந்த கணவர், "இனிக் காணும், பட்டது போதும்" என்றார். "ஊரிலை எத்தினை பிள்ளையள் ஆரும் இல்லாமல் நிக்குதுகள். ஒண்டைத் தத்தெடுத்துக் கூப்பிடுவம்."

கூப்பிடுவது லேசாக இருக்கவில்லை. ரொறன்ரோவின் ரூஜ் பகுதியில் நாங்கள் புதிதாக வாங்கியிருந்த வீட்டுக்கு ஒரு சமூகப் பணியாளர் பெண் பல தடவை வந்தார். அலமாரிகளைத் திறந்து பார்த்தார். குழாயில் சுடுதண்ணீர் எவ்வளவு சூடாக வருகிறது என்று கையை வைத்துப் பார்த்தார். சின்ன வயதில் உங்களுக்கு வீட்டில் அடித்தார்களா என்று கணவரிடம் கேட்டபோது அவர் சிரித்துக்கொண்டே "ஓ யெஸ், எவ்ரி டே" என்று சொல்ல, மேசைக்குக் கீழே நான் அவர் காலை மிதித்தேன். அதன் பிறகு கைரேகை, பொலிஸ் சான்றிதழ், வைத்தியரின் கடிதம் என்று கனடா, இலங்கை இரண்டு நாட்டு அரச கந்தோர்களுக்கும் நடுவில் வருடங்கள் போயின. மாடியில் சின்ன அறைக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தோம். அந்தக் கதவைப் பெரும்பாலும் மூடியே வைத்திருந்தேன்.

நான் வோபர்னில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் முன்மேசையில் வேலை செய்தேன். அங்கே இருந்தபோதுதான் தத்தெடுப்பு முகவர் நிலையத்திலிருந்து அந்த அழைப்பு வந்தது. மன்னார்ப் பக்கம் அருட்சகோதரிகள் நடத்தும் சிறுவர் இல்லம் ஒன்றில் மூன்று வயதுப் பெண் குழந்தை இருக்கிறது என்றார்கள். தகப்பன் மீன்பிடிக்கப் போய்க் கடலில் இறந்தவர். தாய் அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து இறந்துபோனார். குழந்தைக்குப் பதினொரு வயதில் ஒரு அக்கா இருக்கிறாள், இரண்டு பேரையும் பிரிக்க முடியாது என்றார்கள். கணவருக்குப் போன் எடுத்தேன். அவருக்கு மிசிசாகாவில், விமான நிலையத்துச் சரக்குப் பகுதியில் வேலை. இரைச்சலுக்குள் கத்திக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

"ரெண்டு பேரோ?" என்றார். பிறகு, "சரி, அப்ப ரெண்டு கட்டில் வேணும்" என்றார்.

முதன்முதலாக அவர்களைப் பார்த்தது இல்லத்துச் சாப்பாட்டுக் கூடத்தில். அக்கா ஒரு நீள வாங்கில் உட்கார்ந்து, மடியில் தங்கையை வைத்து, சோற்றைக் குழைத்துத் தீத்திக்கொண்டிருந்தாள். மீனை விரலால் பிசைந்து பிசைந்து முள் தேடினாள். எங்களைக் கண்டதும் எழும்பவில்லை. தலைமைச் சகோதரி, "உவதான் இஞ்சை குட்டி அம்மா. நாங்கள் ஊட்டினால் சின்னவள் வாயே திறக்கமாட்டாள்" என்று சிரித்தார்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அன்ரி, உங்கட ஊரிலை மீன் கிடைக்குமோ?"

"கிடைக்கும்."

"இவளுக்கு முள்ளெடுத்துக் குடுக்கோணும். ஒருக்காத் தொண்டையிலை சிக்கினது."

"எடுத்துக் குடுப்பன்" என்றேன். வேலைக்கு நேர்முகம் கொடுத்தவள் போல எனக்கு வியர்த்தது.

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடம் நீதிமன்றம் சம்மதம் கேட்க வேண்டுமாம். கொழும்பில், மின்விசிறி கிறீச்சிடும் ஒரு மண்டபத்தில், நீதிபதி சிங்களத்தில் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். "இவையோடை கனடாவுக்குப் போக உங்களுக்கு விருப்பமோ?"

"தங்கச்சியும் போறாளோ?"

"ஓம்."

"அப்ப நான் கொண்டுபோய் விடுறன்" என்றாள்.

மொழிபெயர்ப்பாளர் "விருப்பமாம்" என்ற பொருளில் ஏதோ சொன்னார், நீதிபதி தலையசைத்தார். நாங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். அவள் சொன்ன வார்த்தைகள் என் காதிலும் விழுந்தன. பிள்ளை பேச்சு அப்படித்தான் இருக்கும் என்றுதான் எனக்குப் பட்டது.

குளிர் முழுதாக விடாத ஒரு மாதத்தில் ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தார்கள். இரண்டு கட்டில் போட்டிருந்தும் ஒரே கட்டிலில்தான் படுத்தார்கள். எங்களை அன்ரி, அங்கிள் என்றாள் பெரியவள். ஒருநாள் சின்னவள் என் காலைக் கட்டிக்கொண்டு "அம்மா" என்றபோது, பெரியவள் ஓடி வந்து அவள் முதுகில் ஓர் அடி வைத்தாள். "அம்மா செத்துப் போட்டா. இது அன்ரி." சின்னவள் வீரிட்டு அழுதாள். பெரியவளே தூக்கித் தோளில் போட்டுத் தட்டி ஆற்றினாள். நான் அடுப்படியில் கையில் அகப்பையோடு நின்றேன்.

ஆனால் கோடை வரும்போது ஒரு மாற்றம் தெரிந்தது. அவள் எனக்குச் சொல்லித்தரத் தொடங்கினாள். தங்கைக்கு எந்தப் பக்கம் சரிந்து படுத்தால் நித்திரை வரும், இடி இடித்தால் எப்படிக் காதைப் பொத்த வேண்டும், தலைமுழுகும்போது எதைப் பாடினால் அழமாட்டாள். பிறகு ஒருநாள் சாப்பாட்டுக் கோப்பையை என் கையில் தந்துவிட்டு, எதிர்க் கதிரையில் இருந்து நான் முள்ளெடுப்பதைக் கண் வெட்டாமல் பார்த்தாள். அடுத்த நாள் அதையும் பார்க்கவில்லை. "பெரியவள் என்னை நம்பத் தொடங்கீட்டாள்" என்று கணவரிடம் சொன்னேன். பல வருடங்களுக்குப் பிறகு எனக்கு அன்று நன்றாகப் பசித்தது.

அந்தக் கிழமை கடைசியில் கணவர் அவளை மட்டும் காரில் கூட்டிக்கொண்டு விமானம் இறங்குவதைக் காட்டப் போனார். ஓடுபாதைக்குக் கிட்ட வேலியோரம் சனம் கார்களை விட்டு வேடிக்கை பார்க்கும் ஒரு இடம் இருக்கிறது. திரும்பி வந்தவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்கு வந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். காரில் நடந்ததை அப்படியே சொன்னார்.

"அங்கிள், நீங்கள்தானே பிளேனிலை சாமான் ஏத்துறது?" என்று கேட்டாளாம்.

"ஓம் மோனை."

"என்னை எப்ப ஏத்தி விடுவியள்?"

"எங்கை?"

"வீட்டை. தங்கச்சி இப்ப அன்ரியோடை சேந்திட்டாள். அன்ரிக்கு முள்ளெடுக்கவும் தெரியுது. அப்பா வந்து தேடேக்கை ஒராளாவது அங்கை நிக்கோணும்தானே."

அவர் என்ன பதில் சொன்னார் என்று கேட்டேன். "ஐஸ்கிறீம் வாங்கிக் குடுத்தனான்" என்றவர், முகத்தை மூடிக்கொண்டார்.

சொல்ல வேண்டியது என் பொறுப்பாயிற்று. அவளைப் பக்கத்தில் இருத்தி, இதுதான் இனி உன் வீடு, நீ திரும்பிப் போவதாக ஒருவரும் ஏற்பாடு செய்யவில்லை என்றேன். அவள் அதை நம்பவில்லை. ஏதோ தவறு நடந்திருக்கிறது, பெரியவர்கள் பேசித் திருத்திவிடுவார்கள் என்ற முகத்தோடு இருந்தாள். அப்பா கடலில் செத்துவிட்டார் என்று சொன்னபோதுதான் நிமிர்ந்தாள்.

"ஆர் பாத்தது?"

"சிஸ்டர்தான் சொன்னவா."

"சிஸ்டர் கண்டவவோ?"

"இல்லை."

"நீங்கள் கண்டனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை."

"அப்ப?" என்றாள். உடல் கரைக்கு வரவில்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு வந்த வருடங்களை நினைக்கும்போது வீட்டின் சத்தமின்மைதான் ஞாபகம் வருகிறது. தமிழ் தெரிந்த ஒரு ஆலோசகரிடம் கூட்டிப் போனோம். அந்த அம்மா எவ்வளவு பொறுமையாகப் பேசியும் இவள் தரைவிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வருவாள். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கெதியாகப் பிடித்தாள் என்று ஆசிரியை சொன்னார். வீட்டில் ஒரு சொல் ஆங்கிலம் பேசமாட்டாள். சின்னவள் அதற்கு நேர்மாறு. டே கெயாருக்குப் போன சில மாதங்களில் தமிழ் அவள் வாயிலிருந்து கழன்று விழுந்தது. அக்கா தமிழில் கேட்பாள், தங்கை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு ஓடுவாள். சின்னவள் என்னை அம்மா என்றும் அவரை டாடி என்றும் கூப்பிட்டபோது இப்போது எவரும் அடிக்கவில்லை. அக்கா அந்த அறையை விட்டு எழும்பிப் போவாள், அவ்வளவுதான்.

ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில், மண்டபத்தில் எங்கள் மேசையில் இருந்த பெண் ஒருவர் என் பக்கம் சாய்ந்து, "பெரியவள் முறைச்சுக்கொண்டு திரியிறாள் போலை. நீங்கள் சின்னனை மட்டும் எடுத்திருக்கலாம்" என்றார். பெரியவள் எனக்குப் பின்னால் சாப்பாட்டுத் தட்டோடு நின்றாள். தட்டை மேசையில் மெதுவாக வைத்துவிட்டு வெளியே போய், பூட்டியிருந்த காரில் சாய்ந்து நின்றாள். நான் அவளுடைய குளிர்க் கோட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். போர்த்திவிட விட்டாள்.

அவளுக்குப் பதினைந்து வயதான கோடையில் ஒருநாள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது, "அன்ரி, நான் ஒருக்கா அங்கை போய்க் கேக்கோணும்" என்றாள். எங்கே, எதை என்று நான் கேட்கவில்லை. கணவர் சின்னவளோடு நிற்க, நாங்கள் இருவரும் மன்னாருக்குப் போனோம்.

அவளுடைய குடும்பம் இருந்த இடத்தில் வேறு குடும்பம் கல்வீடு கட்டியிருந்தது. தகப்பனோடு அன்று ஒரே படகில் போன மனிதர் இருக்கிறார் என்று கோயிலடியில் சொன்னார்கள். அவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். இவள் யாரென்று சொன்னதும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு எழும்பினார். சாயலைக் கண்டுவிட்டார் போல.

"மாமா, அப்பாவை நீங்கள்தான் கடைசியாக் கண்டதாம்" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

"படகு பிரண்டிட்டுது பிள்ளை. ரெண்டு பேரும் ஒரு வெறும் எண்ணெய்க் கானைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தம். விடியிற நேரம் அவனுக்குக் கை விறைச்சிட்டுது. நான் சேட்டிலை பிடிச்சனான். ஏலாமப் போச்சு." கையை விரித்துக் காட்டினார். "என்ர கண்ணுக்கு முன்னாலைதான் தண்ணிக்குள்ளை தாண்டுபோனவன்."

"நீங்கள் அண்டைக்கு அப்பா வருவார் எண்டு சொன்னனீங்கள்."

"நீ வாசல்லை நிண்டு கேட்டனீ. அந்தச் சின்ன வயசுப் பிள்ளைக்கு நான் என்னெண்டு சொல்லுறது?" கீழே வைத்த வலையைத் திரும்ப எடுத்தார். "பொலிசுக்குச் சொன்னன், சிஸ்டரவைக்குச் சொன்னன். உனக்குத்தான் வாய் வரேல்லை."

அவள் அழவில்லை. "சரி மாமா" என்றாள். அவருடைய மனைவி தேத்தண்ணி தர, முழுவதையும் குடித்தாள். திரும்பும் வழியில் வாடகை வானின் பின்சீற்றில் என் தோளில் சாய்ந்து நித்திரையானாள். அவள் என்மேல் சாய்ந்தது அதுதான் முதல் தடவை. அசைந்தால் எழும்பிவிடுவாள் என்று கை மரத்துப்போகும்வரை அப்படியே இருந்தேன். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

சரியாகவில்லை. ரொறன்ரோவுக்கு வந்த பிறகு அவள் எதற்கும் மறுப்புச் சொல்வதை நிறுத்தினாள். பாத்திரம் கழுவினாள், நல்ல புள்ளி எடுத்தாள், கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் வந்தாள். எதைக் கேட்டாலும் "சரி அன்ரி." ஒழுங்கான ஒரு வாடகைக்காரி வீட்டில் இருப்பதுபோல இருந்தது. முன்பு அவள் போக விரும்பிய இடம் ஒன்று இருந்தது, அதற்காக எங்களோடு கோபிக்க முடிந்தது. இப்போது அதுவும் இல்லை. "கத்திக் குழறிச் சண்டை பிடிச்சாலும் பரவாயில்லை" என்று கணவர் ஒருநாள் படிக்கட்டில் இருந்தபடி சொன்னார்.

கார்த்திகை மாதம் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் மரித்தவர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பார்கள். அந்த வருடம் அவள் எங்களிடம் சொல்லாமல் தானே போய்த் தகப்பனின் பெயரைக் கொடுத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசைக்கு நாலு பேரும் வழக்கம்போலப் போயிருந்தோம். வெளியே ஈரப்பனி கொட்டியது. பூசை செய்த சுவாமி ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டு வந்தார். அந்தப் பெயர் வந்தபோது நான் திடுக்கிட்டுத் திரும்பினேன். பெரியவள் கைகளைக் கட்டிக்கொண்டு நேரே பார்த்தபடி நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் சின்னவள் கையுறையின் நூலை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது மற்றப் பெயர்களைப்போல ஒரு பெயர்.

பெரியவள் குனிந்து, நான் அறிய முதல் தடவையாக, தங்கையோடு ஆங்கிலத்தில் பேசினாள். "தட் வாஸ் டாட்" என்றாள்.

சின்னவள் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள், பிறகு எனக்கு அடுத்த பக்கத்தில் நின்ற கணவரைப் பார்த்தாள். "டாடி இஸ் ரைட் ஹியர்" என்றாள், தெரியாத ஒன்றை அக்காவுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல.

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். பெரியவள் தங்கையின் கையுறையை வாங்கி, தொங்கிய நூலைப் பல்லால் கடித்து அறுத்து, திரும்ப அவள் கையில் போட்டுவிட்டாள். சுவாமி அடுத்த பெயரை வாசித்தார்.