செண்டுமல்லிக்கு நான் போட்ட யூரியா

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒளிச்சேர்க்கையைப் பள்ளிக்கூடத்தில் பாடமாக நடத்தி, அதற்காக இன்றும் பென்ஷன் வாங்குகிற நான், எங்கள் மொட்டைமாடியில் செண்டுமல்லியைக் கீரையாக்கினேன்.

கரமனையில் எங்கள் தெருச் சங்கம் ஓணத்துக்குப் பூக்களம் என்கிற பூக்கோலப் போட்டியில் சேரும். பூ எப்போதும் தோவாளையிலிருந்து சாலைக் கடைத்தெருவுக்கு வந்து எங்களிடம் சேரும். போன வருஷம் சங்கக் கூட்டத்தில் என் மனைவி எழுந்து, இந்தத் தடவை எல்லாப் பூவும் எங்கள் மாடியிலிருந்து வரும் என்றாள். வீட்டில் விளைந்த பூவுக்கென்று போட்டியில் தனிப் பிரிவு உண்டு. சங்கச் செயலாளரான எதிர்வீட்டு அம்மாள் அவள் சொல்லை நம்பித் தெருவையே அந்தப் பிரிவில் சேர்த்துவிட்டார்.

நாற்று நன்றாகத்தான் வந்தது. ஆடியில் கொட்டுகிற கர்க்கடக மழையில், செடி வைத்திருந்த பைகளிலிருந்த சத்து கரைந்து ஓடியதில் இலைகள் கொஞ்சம் வெளிறின. மனைவி சாணிப்பொடி போட்டுவிட்டுப் பொறுமையாக இருந்தாள். எனக்குப் பொறுமை கிடையாது, படிப்பு உண்டு. நைட்ரஜன் கொடுத்தால் இலையில் பச்சையம் கூடும். பச்சையம் கூடினால் வெயிலை நிறையப் பிடிக்கும். பிடித்த வெயிலில் சர்க்கரை சமைக்கும். சர்க்கரை மிகுந்தால் பூ. இதில் கடைசிப் படி மட்டும் என் சொந்தக் கண்டுபிடிப்பு.

சாலைக் கடைத்தெருவில் யூரியா வாங்கினேன். ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு ஸ்பூன் போதும் என்றார் கடைக்காரர். நான் பைக்கு ஒரு ஸ்பூன் போட்டேன், மனைவி கோயிலுக்குப் போகிற வேளை பார்த்து, வாராவாரம். மார்க் போடுவதில் கஞ்சன் என்று பெயரெடுத்தவன் யூரியாவில் வள்ளலானேன்.

இலைகள் கரும்பச்சையாகச் செழித்தன. எதிர்வீட்டு அம்மாள் மாடியேறி வந்து பார்த்து மலையாளத்தில் மெச்சினார். நான் தன்னடக்கமாகச் சிரித்துவைத்தேன்.

ஓணம் நெருங்கியும் ஒரு மொட்டு இல்லை. சமைத்த சர்க்கரையை எல்லாம் செடி புது இலை போடவே செலவழித்துக்கொண்டிருந்தது. மேல் இலைகள் வெயிலை மறைத்ததில், கீழ் இலைகள் சமையலுக்கு வழியில்லாமல் மஞ்சளித்து உதிர்ந்தன. சில பைகளில் உரம் மிஞ்சி, வேர் தண்ணீர் இழுக்க முடியாமல் போய், இலைகள் தங்கள் நுண்துளைகளை மூடிக்கொண்டு ஓரம் தீய்ந்து நின்றன. எங்கள் மாடியில் அந்த ஓணத்துக்கு விளைந்த மஞ்சள், உதிர்ந்த அந்த இலைகள்தான்.

தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் யூரியாப் பையை மனைவி கண்டெடுத்தாள்.

"வளம் போட்டேளா?"

"இலை வெளிறியிருந்தது, அதான்..."

"பூ தரேன்னாக்கும் நான் எல்லார்கிட்டயும் சொன்னது. இலை தரேன்னு இல்லை."

விடியற்காலையில் சாலைக் கடைத்தெருவுக்குப் போய்ப் பூ வாங்கி வந்து, மாடியில் பறித்தது என்று சொல்லிவிடலாம் என்றேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பூ இல்லை, வாக்குத் தவறிவிட்டேன் என்று சொன்னாளாம். யூரியாவைப் பற்றியோ என்னைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த அம்மாள், பெயர் கொடுத்தாயிற்று, இருப்பதை வைத்துப் போடுவோம் என்றாராம்.

குத்துவிளக்காக வரைந்திருந்த பூக்களம் கிளியாக மாறியது. உடலும் சிறகும் வாலும் எங்கள் இலை. மூக்குக்கு மட்டும் யார் வீட்டிலோ பறித்த செம்பருத்தி. மனைவி குனிந்த தலை நிமிராமல் இலை நறுக்கினாள். தெருவே செண்டுமல்லி இலையின் காட்டமான வாசனையில் இருந்தது. பூவெல்லாம் எங்கே என்று நடுவர் கேட்டதற்கு, "எங்க மாடியில பூக்கலை" என்று அவளே சொன்னாள். நைட்ரஜனைப் பற்றி விளக்க நான் வாயெடுத்தேன். எதிர்வீட்டு அம்மாள் என் கையில் ஒரு கத்தரிக்கோலைக் கொடுத்தார்.

பரிசு கிடைக்கவில்லை. வீட்டுக்கு நடக்கையில், அடுத்த வருஷம் யூரியாவைக் குறைத்துப் பொட்டாஷைக் கூட்டினால் பூ நிச்சயம் என்று மனைவியிடம் சொன்னேன்.

"மாடிச் சாவி இனிமே என்கிட்ட இருக்கும்" என்றாள்.